கண் அழுத்த நோயும் பைலோகார்ப்பின் சொட்டு மருந்தும்

கண்புரையால் மங்கிய பார்வையைப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையால் மீட்கலாம். கண் அழுத்த நோயான கிளாக்கோமாவால் இழந்த பார்வையோ மீள்வதில்லை. எஞ்சியுள்ள பார்வையைக் காப்பதே இதற்கான சிகிச்சையின் நோக்கமாகும். இதில் ஒரு நூற்றாண்டுக் காலம் முன்னணியில் நின்றவை கோலினெர்ஜிக் மருந்துகள்.

செயல்படும் விதம்

கண்ணின் முன்பகுதியில் இடையறாது சுரக்கும் நீர், நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகிறது. வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பு சிதைகிறது. நரம்பின் கட்டளையைத் தசைக்கு அறிவிக்கும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளைப் போன்று இம்மருந்துகள் செயல்படுகின்றன. கண்மணி சுருங்குகிறது; சிலியரித் தசை இறுகி வடிகாலைத் திறக்கிறது. தென் அமெரிக்கச் செடியொன்றின் இலையிலிருந்து 1875-இல் பிரித்தெடுக்கப்பட்ட பைலோகார்ப்பின் இவற்றுள் முதன்மையானது. கண்புரை அறுவையின்போது கண்மணியை விரைந்து சுருக்க அசிட்டைல்கோலினே பயன்படுகிறது.

பயனும் வரம்பும்

பைலோகார்ப்பினை வழக்கமாக நாளொன்றுக்கு நான்கு முறை இட வேண்டும். புருவ வலியும், மங்கிய ஒளியில் பார்வைக் குறைவும் ஏற்படலாம். 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிமோலாலும், 1996-இல் வந்த லாட்டனோபிராஸ்டும் முறையே நாளுக்கு இரு முறையும் ஒரு முறையும் இட்டாலே போதுமானவை. எனவே பைலோகார்ப்பினின் இடம் சுருங்கியது. எனினும் கோண அடைப்பு வகை நோயிலும், லேசர் சிகிச்சைக்கு முன்னரும் அது இன்றும் தேவைப்படுகிறது.

மைசூரு மருத்துவக் கல்லூரி 1924-இல் பெங்களூரில் தொடங்கி, 1930-இல் மைசூருக்கு மாற்றப்பட்டது. அதனுடன் இணைந்த கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனை போன்ற அரசு நிலையங்களில் பயிலும் மாணவர் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. வேளாண்மை மிகுந்த இப்பகுதிகளில் பயன்படும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் உடலில் அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுப்பதால், நஞ்சேறியவரின் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குகிறது. சொட்டு மருந்தில் நன்மை செய்யும் அதே விதி இங்கு உயிருக்கு ஊறு செய்கிறது.

நிர்வாகத்தின் கடமை

வெள்ளெழுத்துக்கு உதவும் பைலோகார்ப்பின் சொட்டு மருந்து ஒன்றுக்கு அளித்த அனுமதியை, அனுமதியற்ற விளம்பர உரிமைகோரல்களின் காரணமாக 2024 செப்டம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நிறுத்தி வைத்தது. மருந்தின் விலை குறைவென்பதை மட்டும் கொள்முதல் அதிகாரிகள் கருதலாகாது. நாள்தோறும் தவறாது இடக்கூடியதா, தொடர்ந்து கிடைக்குமா என்பனவும் கணக்கில் சேர வேண்டும். இடைவெளி விட்டு இடும் மலிவான மருந்து, இறுதியில் விலைமிக்கதாகிறது, அவ்விலை, பார்வையே.