மனத்திற்கு ஆண் பெண் உண்டோ?

நெதர்லாந்து நாட்டின் உத்ரெக்ட் நகரில் 1636ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அவ்விழாவிற்கு இலத்தீன் மொழியில் வாழ்த்துப்பா இயற்றியவர் அன்னா மரியா வான் ஷுர்மன் என்னும் பெண்மணி. ஆயினும், அப்பல்கலைக்கழகத்தில் விரிவுரை கேட்க அவர் விரும்பியபோது, மாணவர் கண்ணில் படாதவாறு மறைவிடத்தில் அமர்ந்தே கேட்க வேண்டியதாயிற்று. வாழ்த்துப் பாட வல்லவர் வகுப்பில் அமரத் தகாதவரோ? அக்காலத்து ஐரோப்பாவில் இவ்வாறு வினவியோர் மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவர் பிரான்சு நாட்டு மரீ தெ கூர்னே அம்மையார். மூல நூலையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, ஆசிரியர் துணையின்றி இலத்தீன் கற்றவர் அவர். ஆணும் பெண்ணும் நிகர் என்று நாட்டும் நூலொன்றை 1622ஆம் ஆண்டில் வெளியிட்டார். சாளரத்தில் அமர்ந்திருக்கும் ஆண் பூனைக்குப் பெண் பூனையை விட ஒப்பானது வேறில்லை என்று அவர் நகைச்சுவையோடு எழுதினார். எனினும், பண்டைச் சான்றோர் மொழிகளையும் திருமறையையுமே அவர் பெரிதும் சான்றாகக் காட்டினார். சான்றோர் மொழியை எதிர்தரப்பினரும் எடுத்துக் காட்டலாம் அன்றோ? வேறு ஓர் அடிப்படை வேண்டியிருந்தது.

அதனை வழங்கியது தெகார்த் என்னும் மெய்யறிஞரின் நெறி. தெளிவாக விளங்காத எதனையும் பழமை கருதி ஏற்றல் கூடாது என்பதும், எண்ணும் மனம் உடலினின்று வேறானது என்பதும் அவர் கொள்கைகள். இரண்டாவது கொள்கையைக் கூர்ந்து வினவியவரும் ஒரு பெண்ணே. போஹீமிய இளவரசி எலிசபெத், உடலற்ற உயிர் உடலை எங்ஙனம் இயக்கும் என்று 1643ஆம் ஆண்டில் அவருக்கு எழுதிக் கேட்டார். தெகார்த் தந்த விடைகள் இளவரசிக்கு நிறைவளிக்கவில்லை. ஆயினும், மறு ஆண்டு தாம் வெளியிட்ட பெருநூலை அவர் அவ்விளவரசிக்கே உரிமையாக்கினார்.

தெகார்த்தின் நெறியைப் பெண்கள் நிலைக்கு முழுமையாகப் பொருத்திப் பார்த்தவர் பூலேன் தெ லா பார். 1647இல் பாரிசில் பிறந்து சமயக் கல்வி பயின்ற இவர், 1673இல், தம் பெயர் குறிக்காமல், இருபாலாரின் சமத்துவம் பற்றிய நூலை வெளியிட்டார். பெண் தாழ்ந்தவள் என்பதே உலகில் மிகப் பரவிய நம்பிக்கை. ஆதலின், ஐயுற்று ஆராய்தற்கு அதுவே தக்கது என்று அவர் கொண்டார்.

நாள்தோறும் காணும் வழக்கத்தை இயற்கை என மயங்குதல் மாந்தர் இயல்பு. நீதிமன்றத்தில் பெண்ணைக் காணாதவர், நீதி வழங்கும் ஆற்றல் பெண்ணுக்கு இல்லை என்று முடிவு செய்துவிடுகின்றனர். பெண்களைப் பற்றி எழுதிய ஆடவர் கூற்றையும் அப்படியே ஏற்றல் இயலாது. வழக்காளியே நடுவராகவும் இருந்தால் தீர்ப்பு எவ்வாறு செம்மையாகும்? மனம் உடலின் வேறானது. எனவே, அதற்கு ஆண் பெண் என்னும் வேற்றுமை இல்லை. உடற்கூற்று ஆய்விலும் இருபாலார் மூளையில் வேறுபாடு காணப்படவில்லை என்று அவர் சுட்டினார். ஆகவே, ஆசிரியப் பணி, சமயப் பணி, நீதிபதி, படைத்தலைவர் ஆகிய எப்பதவிக்கும் பெண் தகுதியுடையவள் என்று முடித்தார். இன்னொரு கருத்தும் உளங்கொளத் தக்கது. காட்டு விலங்கை அடக்குபவனைப் போற்றிப் பரிசளிக்கும் உலகம், குழந்தையைப் பல்லாண்டு பேணி மனிதனாக்கும் தாயின் உழைப்பை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை என்று அவர் வருந்தினார்.

இத்துணைத் துணிவான நூலுக்கு மறுப்பு எழும் என்று பூலேன் எதிர்பார்த்தார். எவரும் எழுதவில்லை. எதிர்ப்பினும் கொடியது புறக்கணிப்பு! இறுதியில், 1675ஆம் ஆண்டில், ஆடவரின் மேன்மையைக் கூறும் மறுப்பு நூலையும் அவரே எழுதினார். அம்மறுப்பு வலுவற்றது என்பதை அந்நூலிலேயே விளங்கவும் வைத்தார்.

பின்னர்ச் சில ஆண்டுகள் சிற்றூர்களில் பாதிரியாராகப் பணியாற்றினார். புராட்டஸ்டண்டு சமயம் தழுவி ஜெனீவாவில் குடியேறி, 1723இல் மறைந்தார். அவர் நூல் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1949ஆம் ஆண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் தெ பொவார் அம்மையார் பெண்ணின் நிலை பற்றிய தம் பெருநூலை வெளியிட்டபோது, அதன் முகப்பில் பொறித்த மேற்கோள்களுள் ஒன்று, வழக்காளியே நடுவராதலைக் குறித்துப் பூலேன் எழுதிய அந்த வாக்கியமே.