பூட்ஸ் பற்றிய சில தப்பெண்ணங்கள்

1962ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பிரஜாவுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் புதுச்சேரியில் பலவாதலின், பாரிஸில் வாழும் மகளையோ தங்கையையோ காண மார்கழிக் குளிரில் பிரயாணம் புறப்படும் பெண்கள் அந்நகரின் முத்தியால்பேட்டைக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களுக்கு முழங்கால்வரை ஏறும் தோல் பூட்ஸ் அலங்காரமன்று, அவசியம். ஆயினும் அதை வாங்குவது, பேணுவது பற்றி வழங்கிவரும் அபிப்பிராயங்களுள் சில, பாதத்துக்கும் பணத்துக்கும் ஒருசேர நஷ்டம் விளைவிப்பவை.

‘இறுக்கமாக இருந்தால் என்ன, போடப் போடத் தளர்ந்துவிடும்’ என்பது அவற்றுள் முதலாவது. தோல் அகலவாட்டில் சிறிது விரிந்துகொடுக்கும், நீளவாட்டில் கொடுக்காது. ஆதலால் இன்று விரல்நுனியை முட்டும் பூட்ஸ் என்றைக்கும் முட்டிக்கொண்டே இருக்கும். இதற்கு மாறாக, ஜிப் இல்லாமல் இழுத்து மாட்டும் புதிய பூட்ஸில் குதிகால் சற்றே எழும்புவதைக் கண்டு, பெரிதென்று அதை ஒதுக்கிவிடுவாரும் உளர். அடித்தோல் வளைந்து பழகியதும் அந்த எழும்பல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எண் ஒன்றானால் அளவும் ஒன்றே என்று நம்புவதும் பிசகு. ஐரோப்பிய அளவில் ஓர் எண் என்பது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 38 என்னும் எண் ஏறக்குறைய 25.3 சென்டிமீட்டரைக் குறிக்கும். அதுவும் பூட்ஸ் தைக்க உதவும் கட்டையின் நீளமேயன்றிப் பாதத்தின் நீளமன்று. கட்டையின் அகலமும் புறவடியின் உயரமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். ஆகவே பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், பிரயாணத்தில் அணியப்போகும் கம்பளிக் காலுறையுடன், இரு கால்களிலும் போட்டு நடந்து பார்த்தே வாங்கவேண்டும்.

தேங்காயெண்ணெய் தடவினால் தோல் நீடித்துழைக்கும் என்பாரும் உண்டு. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும்பொழுதே அதற்கு வேண்டிய கொழுப்பை ஊட்டிவிடுகிறார்கள். அதற்குமேல் ஏறும் எண்ணெய் தோலைக் கறுக்கச் செய்து, துவளவைத்து, தூசியையும் சேர்த்துக்கொள்ளும். எப்போதாவது சிறிதளவு ஷூ கிரீம் போதும். நனைந்த பூட்ஸை வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழற்காற்றில் உலர்த்துவதே முறை.

எல்லாவற்றிலும் பெரிய தப்பெண்ணம், அணியாமல் பத்திரமாகப் பூட்டிவைத்தால் பூட்ஸ் புதிதாகவே இருக்கும் என்பது. கடலை அடுத்த நமது ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையில், பிளாஸ்டிக் பையில் கட்டி பீரோவில் வைத்த தோலின்மேல் பூஞ்சணம் பூக்க அதிக நாள் ஆவதில்லை. துணிப்பையில் இட்டு, காற்றாட வைக்கவேண்டும். அன்றியும், இக்காலப் பூட்ஸ் பலவற்றின் அடிப்பாகம் பாலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரத்தோடு அது மெல்ல மெல்ல வினைபுரிந்து, சில ஆண்டுகளில், ஒருநாளும் அணியாத நிலையிலேயே வெடித்து உதிரத் தொடங்கிவிடுகிறது. ஈரக்காற்று இக்கேட்டை விரைவுபடுத்தும். சென்ற பிரயாணத்துக்கு வாங்கி அருமையாகக் காத்த பூட்ஸ், அடுத்த பிரயாணத்தில் நடுத்தெருவில் அடி கழன்றுபோவது இதனால்தான். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே அதை எடுத்து, அடிப்பாகத்தைக் கையால் வளைத்து, ஓரங்களில் வெடிப்போ பிசுபிசுப்போ உண்டா என்று பார்த்து, வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் நடந்து பழகுவது நலம். பழுது தென்பட்டு, மேல்தோல் மட்டும் உறுதியாயிருக்கும் பட்சத்தில், ரப்பர் அடி மாற்றித் தரும் தொழிலாளியிடம் காட்டிக் கேட்பதற்கு அப்போது அவகாசம் இருக்கும்.