எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என வரையறுப்பதே குறியாக்கம். தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர் முற்காலத்தில் தத்தமக்கு உகந்த எண்களை அளித்தனர். ஆதலால் சென்னையில் தட்டச்சான ஆணையொன்றை அரூரில் திறந்தால், அதே எழுத்துரு அங்கில்லாதபோது, பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். அது ஒருவரது நிலப் பட்டா பற்றிய ஆணையாயினும் அதே நிலைதான்.

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்இணையம் 99' மாநாடு கூடியது. அதன் பயனாக டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றது. இவ்விசைப்பலகையில் உயிர்கள் இடப்புறமும், மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. 'அம்மா' என எழுத அ, ம, ம, ஆ ஆகிய நான்கு விசைகளே போதும். புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும். நீங்கள் கற்ற உயிர்மெய் இலக்கணம் இங்கே பொறிக்குள் இயங்குகிறது!

எனினும், சிறந்தது என்பதற்காகவே ஒன்று உடனே பரவிவிடுவதில்லை. அரூர் போன்ற ஊர்களின் பயிற்சி நிலையங்களில் தட்டச்சுப் பொறியில் பயின்று, அரசுத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றோர் பலர். பழைய விசை அமைப்பு அவர்களின் விரல்களில் பதிந்திருந்தது. அவ்வேகமே அவர்களது பிழைப்பு. புதிய அமைப்பை வலிந்து புகுத்தினால் தேர்ந்த தட்டச்சரும் ஒரே நாளில் தொடக்கநிலை மாணவராவார்.

இதற்கான தீர்வு ஒரு வேறுபாட்டை உணர்வதில் இருந்தது. குறியாக்கம் கணினிக்குள் இருப்பது. விசை அமைப்பு விரலுக்கு உரியது. முன்னதை மாற்றும்போது பின்னதையும் மாற்றவேண்டிய கட்டாயமில்லை. பழைய தட்டச்சு அமைப்பில் விசைகளை அழுத்தினாலும் புதிய குறியாக்கத்தில் எழுத்துகள் பதியுமாறு மென்பொருள்கள் அமைந்தன. என் கருத்தில், தமிழ் அலுவலகங்கள் கணினிக்கு மாறியதில் இந்த ஏற்பாட்டின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை.

ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில், தமிழக அரசு அதனைத் தன் தரமாக அறிவித்தது; ஒருங்குறி பொருந்தாத இடங்களில் 'டேஸ்16' குறியாக்கத்தைப் பயன்படுத்தவும் இசைந்தது.

எஞ்சியவை பழைய கோப்புகள். அவற்றை மாற்ற, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனித்தனி இணைப்பட்டியல் வேண்டும். பட்டியல் பிழைபட்டால் எழுத்துகள் திரியும்; இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் சிதையக்கூடும். உரிமையாளர் பெயரில் ஓரெழுத்து மாறினாலும் உரிமையே வினாவுக்குள்ளாகும். ஆகவே, மாற்றிய படியை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க மனிதக் கண்கள் தேவைப்பட்டன. அது முடியும்வரை மூலக் கோப்பை அழித்தலாகாது.