நியூற்றலில் மிச்சம் பிடிக்கும் டீசல்

ஏப்ரல் லீவு வந்தால் தென்மராட்சி வான்கள் முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு நுவரெலியாவுக்கு வெளிக்கிடும். அதற்கு முதல் கிழமை என் கராஜுக்கு வருகிற சாரதிமாரில் ஒருவராவது இதைச் சொல்லாமல் போவதில்லை: "அண்ணை, றம்பொடை இறக்கத்தில நியூற்றலில விட்டால் வான் தன்ரபாட்டில போகும். டீசல் மிச்சம்."

ஒரு சொட்டும் மிச்சமில்லை. கியரில் இறங்கும்போது அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்களுக்கு எரிபொருள் போகாது. சில்லுகள்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூற்றலில் போட்டால்தான் அது நின்றுவிடாமல் இருக்க டீசல் குடிக்கும். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டின சனம் நாங்கள். காபரேற்றர் வைத்த கார்களில் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம். ஆனால் சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் இறக்கம் எங்கே ஐயா இருக்கிறது?

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். றம்பொடை வழியாகக் கம்பளைக்கு 1,300 மீற்றருக்கு மேல் இறங்கவேண்டும். ஆட்களோடு மூன்று தொன் வருகிற வான் அவ்வளவும் இறங்கினால், ஏறத்தாழ ஒரு லீற்றர் டீசலை எரித்த வெப்பம் எங்கேயாவது போயாக வேண்டும். கியரில் வந்தால் எஞ்சின் நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். நியூற்றலில் முழுக்கப் பிரேக்கின் தலையில். லைனர் கருகும், பிரேக் ஒயில் கொதித்துக் குமிழி விடும், மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகும். 2025 மே 11 அன்று பஸ் பாய்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் செத்ததும் இந்த ரோட்டில்தான். அந்த விபத்தின் கதை வேறு. பள்ளத்தின் ஆழம் ஒன்றுதான்.

அப்படி இறங்கித் தப்பி வந்த வான் ஒன்றின் ட்ரம்மைக் கழற்றினேன். லைனர் கண்ணாடிபோலப் பளபளத்தது. ஒயில் பிளேன்ரீ நிறம். புது டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸ் வரையாவது தாங்கும். ஈரம் குடித்த பழசு 140இலேயே கொதிக்கலாம். அதை மாற்ற ஒரு மணித்தியாலம் போதும். ஆள் சீற் கவர் மாற்றியிருந்தார்!

எஞ்சினையே நிறுத்திவிட்டு உருட்டுகிற வீரர்களுக்கு: இரண்டு மூன்று மிதியோடு பிரேக்கின் வலு போய்விடும், ஸ்ரியறிங் கல்லாகும்.

மற்றவை சில்லறை. சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும். ஓட்டோ கியரில் எஞ்சின் பிடிக்காது என்பது பொய். தடியை 'எல்'லில் போடுங்கள். ஏற்றத்தில் ஏசியை நிறுத்துவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. எலுமிச்சம்பழம் மணந்தால் சத்தி வராதாம்; மணவுங்கள், எனக்கு அதோடு சண்டையில்லை.

என் சண்டை லைசன்ஸோடு. பாலத்தைத் தவிர மேடே இல்லாத மண்ணில் பழகிய பிள்ளை அதே அனுமதிப்பத்திரத்தோடு மகியங்கனை பதினெட்டு வளைவுக்கும் போகலாம். ஒரு நாளாவது மலையில் ஓட்டிப் பழக்குங்கள் என்று பயிற்றுநர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சிரிக்கிறார்கள்.

போன கிழமை வந்த பொடியன் மட்டும், "அப்ப எந்தக் கியரில அண்ணை இறங்கிறது?" என்று கேட்டான். ஏறும்போது வான் எந்தக் கியரைக் கேட்டது என்றேன்.

"ரெண்டு."

பிறகென்ன கேள்வி?