தறியும் வயலும் ரிசர்வ் பாங்கு வட்டியும்

"ரிசர்வ் பாங்கு வட்டியை உயர்த்தினால் தக்காளி விலை இறங்குமா?" என்று நம் அங்கத்தினருள் விவசாயி ஒருவர் வினவினார். அருகிலிருந்த நெசவாளி அன்பர், "தக்காளி இறங்குமோ இறங்காதோ, என் பாங்குக் கடனுக்கு வட்டி ஏறிவிடும், அது நிச்சயம்" என்றார். விளையாட்டாகச் சொன்னதாயினும், பொருளாதார நிபுணர்கள் நெடுங்காலமாக வாதித்துவரும் ஒரு விஷயத்தையே அவ்விருவரும் தொட்டுவிட்டனர். அதனை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஆங்கிலேய நிபுணர் ஜான் மேனார்ட் கீன்ஸ் (1883–1946) நம் நாட்டுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1906 முதல் 1908 வரை லண்டனிலிருந்த இந்தியா ஆபீஸில் உத்தியோகம் பார்த்தவர். 1913-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலே இந்திய நாணயத்தைப் பற்றியது. இந்தியாவில் விளைபொருள் சந்தைக்கு வரும் மாதங்களில் பணத்துக்குக் கிராக்கி மிகுந்து வட்டி ஏறுவதையும், மற்ற மாதங்களில் அது இறங்கிவிடுவதையும் அந்நூலில் அவர் ஆராய்ந்தார். இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வராமலே இவ்வளவும் எழுதினார் என்பது வியப்புக்குரியது. ஆயினும் அவருக்குப் பெரும்புகழ் தந்தது, உலகெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில், 1936-இல் அவர் வெளியிட்ட கொள்கை நூலாகும்.

அக்கொள்கையைக் குற்றாலத்தில் வைத்துப் பார்ப்பது எளிது. சாரல் காலத்தில் அருவியில் நீராட வந்தவர் ஒருவர் கடைவீதியில் 100 ரூபாய்க்கு ஒரு துண்டு வாங்குகிறார் என்று கொள்வோம். அந்த 100 ரூபாயும் கடைக்காரர், நூல் விற்றவர், நெய்தவர் முதலியோருக்கு வருமானமாகிறது. அவர்கள் அதில் 80 ரூபாயைச் செலவிட்டு 20 ரூபாயை நிறுத்திக்கொள்கின்றனர். அந்த 80 ரூபாய் வேறு சிலருக்கு வருமானமாகிறது. அவர்கள் 64 ரூபாயைச் செலவிடுகின்றனர். இவ்வாறு 100, 80, 64 என்று குறைந்துகொண்டே செல்லும் தொகைகளை முடிவுவரை கூட்டினால் 500 ரூபாய் ஆகும். ஒரு செலவு ஐந்து மடங்கு வருமானமாக விரிகிறது. இதற்குப் பெருக்கி என்று பெயர். செலவு குறைந்தாலும் இதே கணக்குத்தான். சுருங்குவதும் ஐந்து மடங்காகவே சுருங்கும்.

மத்திய பாங்கின் வட்டி இக்கணக்கில் எங்கே நுழைகிறது? வட்டி குறைந்தால் கடன் வாங்கித் தறி வைப்போரும் வீடு கட்டுவோரும் பெருகுவர். அவர்கள் செய்யும் செலவு முதல் 100 ரூபாயாக அமைந்து விரியும். வட்டி ஏறினால் அச்செலவு ஒடுங்கும், கிராக்கி தணியும், விலையும் தணியும். கீன்ஸைப் பின்பற்றியோர் சமன்பாடுகளாக எழுதிய மாதிரிகள் அனைத்துக்கும் அடிப்படை இதுவே.

இதில் மறைந்து நிற்கும் நிபந்தனை ஒன்று உண்டு. துண்டுக்குக் கிராக்கி வந்தபோது தறி சும்மா இருக்க வேண்டும். பாவுக்கும் ஊடைக்கும் நூல் கிடைக்க வேண்டும். நெய்வதற்கு ஆள் இருக்க வேண்டும். அப்போதுதான் 100 ரூபாய் கூடுதல் துணியாக மாறும். இல்லையேல் இருக்கிற துணிக்கே விலை ஏறும். சும்மா நிற்கும் தறிதான் கீன்ஸின் உலகம். 2020-ஆம் வருஷம் பெருந்தொற்றினால் குற்றால அருவிகளில் குளிக்கத் தடை ஏற்பட்டபோது, அவ்வுலகத்தை நாம் கண்ணெதிரே கண்டோம். வாங்குவோர் இல்லை; ஆகவே விற்போர்க்கு வருமானம் இல்லை; ஆகவே அவர்கள் வாங்கும் கடைகளுக்கும் வியாபாரம் இல்லை. அந்த வருஷம் மார்ச்சு மாதத்தில் ரிசர்வ் பாங்கு தன் ரெப்போ வட்டியை, அதாவது மற்ற பாங்குகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டியை, 5.15-இலிருந்து 4.40 சதவிகிதமாகவும், மே மாதத்தில் 4 சதவிகிதமாகவும் குறைத்தது. நோய் இன்னதென்று கண்டு கொடுத்த மருந்துதான். எனினும் வாடிக்கைக்காரர் வராத கடைக்குக் குறைந்த வட்டிக் கடன் எவ்வளவு உதவும் என்பதைக் கடைவீதியில் இருந்தோர் அறிவர்.

இனி வயலுக்கு வருவோம். தக்காளிக்குக் கிராக்கி ஏறியது என்பதற்காக இம்மாதமே செடி இரட்டிப்பாகக் காய்ப்பதில்லை. சிற்றாற்றில் நீர் வராதபோது எத்தனை கோடி ரூபாய் புழங்கினாலும் கார் சாகுபடி பெருகாது. நெசவாளர் வீட்டில் புதிதாக வந்த 80 ரூபாயில் பெரும்பகுதி அரிசிக்கும் காய்கறிக்குமே செல்லும். அங்கே போனதும் பெருக்கி நின்றுவிடுகிறது. விளைச்சல் கூடாமல் விலை மட்டும் கூடுகிறது.

இதனை முதன்முதல் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ். 1908-இல் காஞ்சிபுரத்தில், நெசவாளர் நகரத்திலேயே பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கீன்ஸிடமே பயின்றவர். 1952-இல் எழுதிய கட்டுரையில், ஆசிரியரின் பெருக்கி நம்மைப் போன்ற நாட்டில் ஏன் வேலை செய்யாது என்று மாணவர் விளக்கினார். இங்கே வேலையின்மை வெளிப்படையாக இல்லை, மறைந்திருக்கிறது. ஆர்டர் இல்லாத தறிவீட்டில் எவரும் வேலையிழந்தவராகப் பெயர் கொடுப்பதில்லை. ஒருவர் நெய்ய, ஒருவர் தார் சுற்ற, ஒருவர் பாவு சரிசெய்ய, ஒருவருக்குரிய வேலையை மூவர் பகிர்ந்துகொள்கின்றனர். விவசாயியோ வருமானம் கூடினால் விளைந்ததில் அதிகப் பங்கைத் தம் வீட்டுக்கே வைத்துக்கொள்ளக்கூடும். சந்தைக்கு வருவது அதனாலும் குறையும். ஆகவே பணத்தை மட்டும் பெருக்கினால் விலைவாசியே பெருகும் என்பது அவர் முடிவு. திட்டங்களுக்கு நோட்டு அச்சிட்டே பணம் தேடலாம் என்று பலர் எண்ணியிருந்த காலத்தில் இவ்வாறு எழுதியதற்குத் துணிவு வேண்டும்.

இன்று ரிசர்வ் பாங்கு கையாளும் கணக்கு இக்குறையை ஓரளவு உணர்ந்தே அமைந்தது. அதன் நிபுணர்கள் ஆக்கிய காலாண்டு முன்கணிப்பு மாதிரியைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2016-இல் வெளிவந்தது. நாட்டின் கிராக்கி அதன் உற்பத்தித் திறனுக்கு மேலோ கீழோ என்று அம்மாதிரி அளக்கிறது. அதனால் விலை எவ்வாறு நகரும், வட்டி எவ்வாறு இருக்க வேண்டும், ரூபாயின் அந்நிய மதிப்பு என்னவாகும் என்பவற்றை ஒன்றோடொன்று பிணைத்துக் காண்கிறது. அம்மட்டில் அது கீன்ஸின் வழித்தோன்றலே. ஆனால் உணவு விலையையும் எரிபொருள் விலையையும் மற்றவற்றினின்று பிரித்துத் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. வட்டி மாற்றம் நம் நாட்டில் மெதுவாகவே பரவும் என்பதையும், பாங்கின் சொல்லில் ஜனங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை உண்டோ அவ்வளவே அதன் மருந்து பலிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறது.

2023-ஆம் வருஷம் இக்கணக்குக்கு ஒரு சோதனை வந்தது. ஜூலையில் நாடெங்கும் தக்காளி விலை முந்திய வருஷ ஜூலையைப்போல் சுமார் மூன்று மடங்காயிற்று. அப்போது வழக்கிலிருந்த, 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் உள்ள பங்கு 100-இல் 45.86. ஆகவே காய்கறி ஏறினால் குறியீடும் உடன் ஏறும். ஜூனில் 4.87 சதவிகிதமாக இருந்த விலையேற்றம் ஜூலையில் 7.44 ஆயிற்று. அரசாங்கம் வகுத்த இலக்கோ 4 சதவிகிதம், உச்சவரம்பு 6. வரம்பு மீறியதால் வட்டியை ஏற்ற வேண்டும் என்று சொல்ல எவருக்கும் தோன்றும். ஆகஸ்டு 10-ந் தேதி நாணயக் கொள்கைக் குழு தன் முடிவை அறிவித்தபோது ஜூலைக் கணக்கு இன்னும் வெளியாகவில்லை. எனினும் காய்கறி விலையின் போக்கு தெரிந்தேயிருந்தது. குழு அந்தக் காலாண்டுக்கான மதிப்பீட்டை 5.2-இலிருந்து 6.2 ஆக உயர்த்தியதேயன்றி, வட்டியை 6.5 சதவிகிதத்திலேயே விட்டுவைத்தது. செப்டம்பருக்குள் புதுவரத்து வந்து விலையேற்றம் 5.02 ஆகத் தணிந்தது. வட்டி செய்யாததைச் செடி செய்தது.

அந்த ஆகஸ்டில் வட்டியை மேலும் ஏற்றியிருந்தால் யார் தலையில் விழுந்திருக்கும்? கூட்டுறவுச் சங்கத்தில் 3 லட்சம் ரூபாய் வரை பெறும் குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 7 சதவிகிதம் என்று 2006-07 முதலே வட்டி வரையறுக்கப்பட்டது. தவணை தவறாது கட்டும் தமிழ்நாட்டு விவசாயிக்கு அதனையும் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் அக்கடன் அசைவதில்லை. ஆனால் 2019 அக்டோபர் முதல், வியாபார பாங்குகள் சிறு தொழிலுக்கும் வீட்டுக்கும் மாறும் வட்டியில் புதிதாகக் கொடுக்கும் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்க வேண்டும் என்று விதி ஏற்பட்டது. சங்கரன்கோவிலில் அத்தகைய பாங்குக் கடனில் நூல் வாங்கி விசைத்தறி ஓட்டும் சிறு உரிமையாளரை இவ்விதி நேரே தொடுகிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-இலிருந்து 6.5 ஆக ஏறியது. அவருக்கு 2 லட்ச ரூபாய் நிலுவை இருந்தால், அந்த இரண்டரை சதவிகிதம் வருஷத்துக்கு 5,000 ரூபாய். விலை பிறந்தது வயலில். மருந்தைக் குடிப்பது தறி. நம் நெசவாளி அன்பர் சொன்னது இதைத்தான்.

இதனால் வட்டியே வீண் என்று முடிவுகட்டுவது தவறாகும். காய்கறி விலை மாதக்கணக்கில் உயர்ந்தே நின்றால் கூலி ஏறும்; வண்டிச் சத்தம் ஏறும்; எல்லா விலையும் ஏறும் என்று ஜனங்கள் எதிர்பார்க்கத் தொடங்குவர். அந்நிலையில் மத்திய பாங்கு சும்மா இருந்தால் தீ கூரைக்குப் பரவும். பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு மாதம் ஏறி மறுமாதம் சரியும் விலை எது, எல்லாக் கடைகளிலும் ஏறி நின்றுவிடும் விலை எது என்று பிரித்துக் காட்டும் அளவுக்கு இம்மாதிரி பயன்படுகிறது என்பதே நம் கருத்து. 2023-இல் அது பொறுத்திருக்கக் கற்றுக்கொடுத்தது. ஆனால் சாரல் எப்போது தொடங்கும், அணையில் நீர் எவ்வளவு என்பதை எந்தச் சமன்பாடும் முன்கூட்டி அறியாது. குளிர்ப்பதனக் கிடங்கு இல்லாமல் அழுகும் காயை எந்த வட்டியும் காப்பாற்றாது. அவை வேறு இலாகாக்களின் வேலை.

2025-இல் வட்டி மறுபடி இறங்கியது. டிசம்பரில் ரெப்போ 5.25 சதவிகிதமாயிற்று. வெளி அளவுகோலோடு பிணைந்த கடனின் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் பாங்கு திருத்தியாக வேண்டும். ஏறும்போது தவறாமல் திருத்துவோர் இறங்கும்போதும் திருத்தினரா என்று அங்கத்தினர் தத்தம் கடன் பத்திரத்தையும் பாஸ் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நலம். பார்க்கத் தெரியாதவர்கள் அவற்றை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், நாமே உடனிருந்து கணக்குப் பார்த்துச் சொல்வோம்.