யுரேனியம் வாங்கிட்டா போதுமா?

"ஜிர்கோனியத்தில் ஹாஃப்னியம் ஏன் இருக்கக் கூடாது?" மெட்டீரியல்ஸ் பேப்பரில் ரெண்டு மார்க் கேள்வி. "நியூட்ரானை உறிஞ்சிடும்"னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். நானும் அப்படித்தான் போனேன். ஆனா ஒரு நாடு தன் அணு உலைக்குத் தானே எரிபொருள் செய்துக்க முடியுமாங்கிற கேள்வியில் பெரிய பங்கு அந்த ரெண்டு மார்க்குக்குள்ளதான் இருக்கு.

அணு எரிபொருள்னா நிலக்கரி மாதிரி அள்ளிப் போடுற பொருள் இல்லை. நம்ம 220 மெகாவாட் கனநீர் உலையில் போறது அரை மீட்டர் நீளக் கட்டு. ஒரு கட்டில் 19 மெல்லிய ஜிர்கலாய் குழாய்கள், அவற்றுக்குள் யுரேனியம் டை ஆக்சைடு பெல்லட்கள். ஒரு உலைக்கு 3,672 கட்டு. பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 70,000 குழாய்! சுவரோட தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒண்ணு ஓட்டை விழுந்தாலும் கதிரியக்கப் பொருட்கள் குளிரூட்டும் நீரில் கலக்கும்.

1974 பொக்ரான் சோதனைக்கு அப்புறம் கனடா உதவியை நிறுத்திடுச்சு. ராஜஸ்தானில் ரெண்டாவது உலை பாதியில் நின்னது. அதை நாமே முடிச்சு 1981-ல் ஓட்டினோம். ஓட்ட முடிஞ்சதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, கனநீர் உலைக்கு இயற்கை யுரேனியமே போதும், செறிவூட்ட வேண்டாம். இன்னொண்ணு, ஹைதராபாத்தில் அணு எரிபொருள் வளாகம் 1971-லேயே தொடங்கியாச்சு.

இப்போ குழாய்க்கு வருவோம். ஜிர்கோனியத்துக்கு மூலம் கடற்கரை மணலில் இருக்கும் ஜிர்கான். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் அதைப் பிரிச்செடுக்கிறாங்க. சிக்கல் என்னன்னா, ஜிர்கோனியத்தோட ஏறக்குறைய 2 சதவீதம் ஹாஃப்னியமும் ஒட்டிக்கிட்டே வரும். ரெண்டோட அயனி அளவும் கிட்டத்தட்ட ஒண்ணு, வேதி குணமும் அப்படியே. ஆனா ஹாஃப்னியம் நியூட்ரானை விழுங்குறது சுமார் 600 மடங்கு அதிகம். இதை 100 பிபிஎம்முக்குக் கீழே கொண்டு வரணும். மணலைக் காஸ்டிக் சோடாவோட உருக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைச்சு, டிபிபி கரைப்பானால் ஜிர்கோனியத்தை மட்டும் இழுக்கிறாங்க. அப்புறம் குளோரைடாக்கி, மெக்னீசியத்தால் ஒடுக்கினா நுரை மாதிரி உலோகம் கிடைக்கும். அதுக்குப் பேரே ஸ்பாஞ்ச்.

மெக்கானிக்கல்காரங்களுக்கு இனிமேதான் விருந்து. உருக்கி, எக்ஸ்ட்ரூட் பண்ணின தடித்த குழாயை பில்கரிங் மெஷினில் முன்னும் பின்னும் உருட்டி, சூடாக்காமலே மெலிய வைப்பாங்க, நடுநடுவே அனீலிங். விட்டமும் குறையும், சுவரும் குறையும். கடைசி அளவு சரியா இருந்தா போதாதான்னு நான் நினைச்சேன். போதாது. உலைக்குள் ஜிர்கலாய் ஹைட்ரஜனை இழுத்துக்கும். அது தட்டுத் தட்டா ஹைட்ரைடா படியும். தட்டுகள் சுவரின் குறுக்கே நின்னா, விரிசலுக்கு உள்ளிருந்து வெளிய வரை ரெடிமேட் பாதை! சுற்றுவாட்டில் படுத்திருந்தா அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. படுக்குமா நிக்குமான்னு முடிவு பண்றது, பில்கரிங்கில் விட்டத்தைவிடச் சுவரை எவ்வளவு அதிகமாகக் குறைச்சோம் என்ற விகிதம். ஒரே அளவுள்ள ரெண்டு குழாயில் ஒண்ணு தேறும், இன்னொண்ணு தேறாது. டிராயிங்கை மட்டும் வாங்கினா இது கைக்கு வராது. உருட்டி, வெட்டி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் பழகணும்.

அதுக்காக எல்லாத்திலும் ஜெயிச்சுட்டோம்னு மார்தட்ட முடியாது. நம்ம யுரேனியத் தாது தரம் குறைவு, அதனால் வெளிநாட்டு யுரேனியமும் வாங்குறோம். தாராப்பூரின் பழைய கொதிநீர் உலைகளுக்குச் செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்துதான் வந்துட்டு இருக்கு.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போற வழியில் பழையகாயல் வரும். 2009-ல் தொடங்கின ஜிர்கோனியம் வளாகம் அங்கேதான், ஸ்பாஞ்ச் அங்கே தயாராகுது. அதே கடற்கரையில் இன்னும் தெற்கே போனா கூடங்குளம். அங்கே எரியுற கட்டுகள் மட்டும் ரஷ்யாவில் செய்து வருது.