பிறந்த ஊர் ஏட்டில்தான் இருக்கிறது சான்றிதழ்

துபாயில் வேலை கிடைத்துப் போன என் நண்பர் ஒருவர், குடும்ப விசாவுக்காக மகளின் பிறப்புச் சான்றிதழைத் தேடி ஆறு வாரம் அலைந்தார். குடியிருப்பது கோயம்புத்தூர் என்பதால் முதலில் மாநகராட்சிக்குப் போனார். அங்கே பதிவு இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடந்தது என்று மனைவி நினைவுபடுத்திய பிறகு, தென் மாவட்டத்தில் உள்ள மாமனார் ஊருக்கு ரயில் ஏறினார். நகராட்சியிலும் இல்லை. விசாரித்தால், குழந்தை பிறந்த மருத்துவமனை நகராட்சி எல்லையைத் தாண்டி ஊராட்சிப் பகுதியில் இருந்தது. அந்தக் கிராமத்துப் பழைய ஏடு சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஏடு கிடைத்ததும் நகல் வாங்குவது அத்தனை சிரமமாக இல்லை. அவருடைய ஆறு வாரத்தையும் விழுங்கியது எந்த ஏடு என்ற கேள்விதான்.

இந்தியாவில் பிறப்பு, குழந்தை பிறந்த இடத்தில்தான் பதிவாகும். பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள், ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் அடிப்படை இது. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் பாதிப் பேருடைய பதிவு அம்மா வழி ஊரில்தான் கிடக்கும். ஆகவே விண்ணப்பத்தைத் தேடுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த மருத்துவமனை, அது எந்தத் தெரு, அன்றைக்கு அந்த இடம் நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா? 'அன்றைக்கு' என்ற சொல் முக்கியம். அன்று ஊராட்சியாக இருந்த பல இடங்கள் இன்று மாநகராட்சிக்குள் வந்துவிட்டன.

இடம் தெரிந்துவிட்டால் அலுவலகமும் தெரிந்துவிடும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவு. கிராமம் என்றால் பதிவாளர் வி.ஏ.ஓ. ஆனால் கிராம ஏடுகள் அவரிடமே நிரந்தரமாகத் தங்குவதில்லை. ஆண்டு முடிந்த பின் தாலுகா அலுவலகத்துக்கும், அங்கிருந்து சார் பதிவாளர் அலுவலகத்துக்கும் நகர்கின்றன. முப்பது வயதுக்காரர் ஒருவர் வி.ஏ.ஓ.விடம் போய் நின்றால், அவர் சார் பதிவாளர் அலுவலகத்துக்குக் கைகாட்டுவதில் தவறே இல்லை. அந்தப் பழைய பதிவுகளுக்குப் பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சென்னை மாநகராட்சிப் பதிவுகளை அதன் இணையதளத்தில் தேடி, வீட்டிலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளலாம். 2018-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பதிவான பிறப்புகள் சி.ஆர்.எஸ். எனப்படும் குடிமைப் பதிவு முறையின் இணையப் பதிவில் ஏறியிருக்கின்றன. அதில் எடுக்கும் சான்றிதழில் கியூ.ஆர். குறியீடு இருக்கும். அதற்கு மேல் ஒரு பச்சை மை கையெழுத்தைக் கேட்கும் எச்.ஆர். அலுவலர்களிடம், ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

நேரில் விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். 'பிறப்பு இறப்புப் பதிவாளர்' என்று பெறுநர் இட்டு, ஆறு விவரங்களை எழுதுங்கள்: பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பிறந்த இடம், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்தபோது பெற்றோர் இருந்த முகவரி. பதிவு எண் தெரிந்தால் அதையும் சேருங்கள், பத்து நிமிடத்தில் வேலை முடியும். எத்தனை பிரதி வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்று பிரதியாவது வாங்கிக்கொள்வது என் வழக்கம். ஒன்று விசா அல்லது தூதரக வேலைக்குப் போனால் திரும்ப நாளாகும். அடையாள அட்டையின் ஜெராக்ஸை இணைத்துக் கொடுத்து, ரசீது வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

தேடுதல் கட்டணம் வருடக் கணக்கில் வரும். எந்த வருடம் என்று உறுதியாகச் சொன்னால் ஒரு வருடத்துக்கான கட்டணம். '1988 அல்லது 89, 90-ஆகவும் இருக்கலாம்' என்றால் மூன்று வருடத்துக்கும் கட்டணம், மூன்று ஏட்டையும் புரட்டும் நேரம். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத்துக்கு மாற்றி எழுதிய தேதிகள் நம் தலைமுறையில் ஏராளம். ஜாதக நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் தமிழ் மாதம், தேதி, நட்சத்திரம் எல்லாம் இருக்கும். அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஆங்கிலத் தேதி துல்லியமாகக் கிடைத்துவிடும்.

ஊரை விட்டு வெகுதூரத்தில் இருப்பவர்கள் லீவு போட்டு வர வேண்டியதில்லை. சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் ஏட்டில் தேடச் சொல்லி, பிறப்புப் பதிவின் நகலைக் கேட்கலாம். அண்ணனோ மச்சானோ போனால் போதும். கையெழுத்திட்ட ஓர் அனுமதிக் கடிதமும் உங்கள் அடையாள அட்டை நகலும் கொடுத்தனுப்பினால் கேள்விகள் குறையும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மகன் பிறந்தபோது மருத்துவமனை மேசையில் விவரம் கேட்டார்கள். நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன், மாமனார் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். மனைவி பெயரின் கடைசியில் வரும் 'தா'வை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி'க்குப் பின் 'எச்' உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய பாஸ்போர்ட்டில் 'எச்' இருக்கிறது, மகனின் சான்றிதழில் இல்லை. ஐந்து வருடம் கழித்து, அலுவலகம் என்னை வெளிநாட்டுக்கு அனுப்ப முடிவு செய்த மாதத்தில்தான் அது கண்ணில் பட்டது.

இன்னொரு சிக்கல் நம் இனிஷியல். சான்றிதழில் அப்பா 'எஸ். குமார்'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து 'குமார் சுப்பிரமணியன்'. நம் கண்ணுக்கு இருவரும் ஒருவர்தான். வெளிநாட்டு விசா அலுவலரின் கண்ணுக்கு இருவர்.

இவற்றைத் திருத்த 15-ஆவது பிரிவு வழி தருகிறது. மூலப் பதிவை அடித்து எழுத மாட்டார்கள், ஓரத்தில் திருத்தக் குறிப்பு சேர்ப்பார்கள். எழுத்துப் பிழை என்றால், சரியான பெயரைக் காட்டும் ஆவணங்களோடு பதிவாளரிடம் மனுக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்று, பள்ளிச் சான்றிதழ் ஆகியவை உதவும். தேதி, பாலினம், பெற்றோர் பெயர் மாதிரி முக்கியமான விவரமே தவறு என்றால், உண்மையை அறிந்த நம்பகமான இருவரின் உறுதிமொழியும் தேவைப்படும். மனுவில் கோபத்தைக் கொட்டாமல், 'இப்படி இருக்கிறது, இப்படி இருக்க வேண்டும், ஆதாரம் இது' என்று மூன்று வரியில் எழுதுங்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் தன் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுத அதுதான் உதவும்.

குழந்தையின் பெயரே இல்லாத சான்றிதழ்களும் நிறைய உண்டு. பெயர் வைக்கும் முன்பே பதிவு நடந்துவிடுவதால் அந்த இடம் காலியாக இருக்கும். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் என்றால் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை சேர்க்கலாம். சேர்ப்பதற்கு முன் வீட்டில் பேசி முடிவெடுங்கள். எண்கணிதம் பார்த்துப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது, ஒருமுறை ஏறிய பெயர் ஏறியதுதான்.

கணவரோடு வாழாத, அல்லது திருமணமாகாத தாய்மார்களை அப்பா பெயர் இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேள்விப்படும்போது மனம் கனத்துப்போகும். தனியாகக் குழந்தையை வளர்க்கும் தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாலே பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

எங்கே தேடியும் பதிவு இல்லை என்றால், முதலில் வாங்க வேண்டியது 'பதிவு இல்லை' என்ற சான்று. இதையும் பதிவாளர்தான் தருவார். இது கைக்கு வராமல் அடுத்த படி ஏற முடியாது. ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிய முன்பெல்லாம் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் நிலைக்கு வந்துவிட்டது. மருத்துவமனைப் பதிவு, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கை விவரம் என்று பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் பழைய காகிதம் எது கிடைத்தாலும் திரட்டுங்கள். போன மாதம் எடுத்த ஆதாரை விட, மங்கிப்போன தடுப்பூசி அட்டைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

பதிவாளரின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2023 திருத்தம் கொண்டுவந்த இந்த உரிமை பலருக்குத் தெரியாது. அலுவலக வாசலில் திரியும் தரகருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தரகர் போகப்போவதும் அதே ஏட்டுக்குத்தான்.

வெளிநாட்டு வேலைக்காகக் கேட்பவர்கள் சான்றிதழை லேமினேட் செய்யவே கூடாது. பின்புறத்தில் முத்திரைகள் விழ வேண்டும். எந்த நாட்டுக்கு என்பதைப் பொறுத்து வழி பிரியும். பிரான்ஸ் போல ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு, மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லை. அங்கே போகிறவர்கள் அமைச்சக முத்திரைக்குப் பின் அமீரகத் தூதரகத்திலும், பிறகு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்திலும் சான்றொப்பம் பெற வேண்டும். வேலைக்கான ஆஃபர் லெட்டர் வந்த அன்றே இதைத் தொடங்குங்கள். டிக்கெட் போட்ட பிறகு தொடங்கினால் குடும்பம் பின்தங்கிவிடும்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் காகிதத்தின் கனம் இன்னும் கூடியிருக்கிறது. பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் இதுதான். பாஸ்போர்ட் விதியும் 2025 பிப்ரவரியில் அதற்கேற்ப மாறிவிட்டது. டி.சி.யைக் காட்டிச் சமாளிக்கும் வழி இந்தக் குழந்தைகளுக்குக் கிடையாது.

ஆகவே வீட்டில் பிரசவம் வரப்போகிறது என்றால், மருத்துவமனைப் பையில் துணிகளோடு ஒரு காகிதமும் வையுங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி, தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும். நிரந்தர முகவரி, கர்ப்பகாலப் பதிவில் தந்த 12 இலக்க ஆர்.சி.எச். எண். பிறப்பு விவரத்தை 21 நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும், மருத்துவமனைப் பிரசவம் என்றால் அவர்களே அனுப்புவார்கள். பதிவு முடிந்து ஏழு நாளுக்குள் முதல் சான்றிதழ் இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டம். என் தங்கையின் பிரசவத்தின்போது அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மேசையில் இருந்த பெண் விவரம் கேட்டதும் அதைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து எழுதி முடித்து, "இப்படி எல்லாரும் கொண்டு வந்தா எங்களுக்கும் நிம்மதிங்க" என்றார். சான்றிதழில் ஓர் எழுத்தும் பிசகவில்லை.